பெரிய பைக்கை எக்ஸ்சேஞ்ச் போடும் முன்: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் குடியிருக்கிறேன். இதுவரை நான்கு பைக் வைத்திருக்கிறேன். இரண்டு எக்ஸ்சேஞ்சில் போனது, ஒன்றை நேரடியாக விற்றேன், ஒன்று இப்போதும் வீட்டு முன்னால் நிற்கிறது. முதல் எக்ஸ்சேஞ்சில் நன்றாக ஏமாந்தேன். அந்தக் கதை கீழே வரும். அதற்கப்புறம் சொந்தக்காரர், கூட்டாளி என்று யார் வண்டி மாற்றினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன். பெரிய பைக் என்று நான் சொல்வது ஆன்ரோடு விலை (வரி, இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்த விலை) இரண்டு லட்சத்தைத் தாண்டும் வண்டிகளை.

மூன்றரை லட்சம் போட்டு எடுத்த வண்டி. ஒரு வருடம்தான் ஆகிறது. இரண்டேகால் லட்சம்தான் தருவார்களாம். பகல் கொள்ளை இல்லையா?

கேட்கும்போது வயிறு எரியும். ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரு உதாரணத்துக்கு 400 சிசி பக்கம் வரும் வண்டி ஒன்று, எக்ஸ்ஷோரூம் விலை (அவை எதுவும் சேராத விலை) 2,85,000 ரூபாய் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள்கால வரி 12 சதவீதம். அது 34,200. இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு இருபதாயிரம். கிராஷ் கார்டு, பை மாட்டும் கம்பி, டேங்க் பேட் என்று பன்னிரண்டாயிரம். மொத்தம் 3,51,200.

விற்க வரும்போது எதிரில் இருப்பவர் இந்த 3,51,200-ஐப் பார்க்கவே மாட்டார். அவர் பார்ப்பது 2,85,000. அதுவும் நீங்கள் கொடுத்த விலை அல்ல, இன்றைக்கு ஷோரூமில் எழுதியிருக்கும் விலை. அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால்தான் ஒருவர் புது வண்டியை விட்டுவிட்டுப் பழைய வண்டிக்கு வருவார். இருபது சதவீதம் கழித்தால் 2,28,000. இரண்டேகால் என்று அவர் சொன்னது கொள்ளை இல்லை என்பது இப்போது தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு இப்போது ஜிஎஸ்டி 40 சதவீதம். அப்படியென்றால் அந்த 2,85,000-க்குள்ளேயே சுமார் 81,000 ரூபாய் வரிதான். இரும்பும் அலுமினியமும் ரப்பரும் சேர்ந்த வண்டியின் விலை இரண்டு லட்சத்துச் சொச்சம். தேய்மானத்தின் பெரும்பகுதி ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே முடிந்துவிட்டது. நீங்கள் அதை ஒரு வருடம் கழித்துக் கேள்விப்படுகிறீர்கள், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் பேப்பரில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கலாமா?

கேட்கலாம், கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வண்டி திருடு போனாலோ முழுக்க நொறுங்கினாலோ காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் உச்சத் தொகைதான் ஐடிவி. அதற்கென்று ஒரு தேய்மான அட்டவணை உண்டு: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. இந்த அட்டவணைக்குக் கடலோரக் குளச்சலும் தெரியாது, மலையோரக் குலசேகரமும் தெரியாது. எல்லா வண்டிக்கும் ஒரே கத்தரிக்கோல். பேச்சைத் தொடங்க ஒரு எண் வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பெயருள்ள வண்டி இதைவிட மேலே போகும், உதிரிப்பாகம் கிடைக்காத வண்டி கீழே போகும்.

2025-இல் ஜிஎஸ்டி மாறியதே, அதனால் என் பழைய வண்டி விலை குறைந்ததா கூடியதா?

வண்டியின் சிசியைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு அதுவரை 28-ம் 3 சதவீத செஸ்ஸும் (கூடுதல் வரி) சேர்ந்து 31. அது 40 ஆனது.

கணக்குப்படி பார்த்தால் 350 சிசி வண்டியின் எக்ஸ்ஷோரூம் விலை கிட்டத்தட்ட 7.8 சதவீதம் இறங்க வேண்டும். இரண்டு லட்சம் ரூபாய் வண்டியில் அது பதினைந்தாயிரத்துக்கு மேல். அதற்கு முந்தின மாதம் வண்டி எடுத்த ஒருவர் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் பதினைந்தாயிரம் இழந்தார். என் மச்சான் அந்தக் கணக்கில் மாட்டியவர். இன்னும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். மறுபக்கம், 400, 450, 650 சிசி வண்டிகளின் புது விலை கணக்குப்படி 7 சதவீதம் அளவுக்கு ஏற வேண்டும். சில நிறுவனங்கள் ஒரு பகுதியைத் தாங்களே தாங்கிக்கொண்டன. எப்படியானாலும், புதுசு விலை ஏறினால் பழசுக்கு ஒரு முட்டுக் கிடைக்கும். உங்களிடம் 2025 செப்டம்பருக்கு முன் வாங்கிய 650 இருந்தால், பேரம் பேசும்போது அன்றைய பில்லை எடுத்துக் காட்டாதீர்கள். இன்றைய விலைப் பட்டியலைக் காட்டுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் நல்லதா, நேரடியாக விற்பது நல்லதா?

இதற்குப் பதில் சொல்ல என் கதையைச் சொல்ல வேண்டும். பழைய வண்டியை மாற்றப் போனபோது ஒரு ஷோரூமில் 90,000 என்றார்கள். இன்னொரு ஷோரூமில் 1,02,000. ‘கொள்ளாமே’ (நல்லாயிருக்கே) என்று இரண்டாவது இடத்தில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். டெலிவரி எடுத்த பிறகுதான் இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் புது வண்டியின் ஆன்ரோடு 2,52,000. பழசுக்கு 90,000 போக, கையிலிருந்து கொடுக்க வேண்டியது 1,62,000. இரண்டாவது இடத்தில் ஆன்ரோடு 2,71,000. கையிலிருந்து போனது 1,69,000. இன்சூரன்ஸ் கூடுதல், ‘எல்லோரும் போடுவார்கள்’ என்று சேர்த்த அக்சஸரி கிட், ஹேண்ட்லிங் என்று ஒரு செலவு. பழைய வண்டிக்குப் பன்னிரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்து, புது வண்டியில் பத்தொன்பதாயிரம் எடுத்துவிட்டார்கள். ஏழாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கியது ஒரு பாடம்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்கச் சொல்வேன்: ‘பழசைக் கொடுத்து, புதுசை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட, என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு?’ அந்த வித்தியாசத் தொகையை மூன்று இடத்தில் எழுதி வாங்குங்கள். பழசுக்கு எவ்வளவு, புதுசுக்கு எவ்வளவு என்று அவர்கள் எப்படிப் பிரித்து எழுதினாலும் உங்களுக்குக் கவலை இல்லை.

நேரடி விற்பனையில் பொதுவாகக் கூடுதல் பணம் கிடைக்கும். டீலர் அந்த வண்டியைத் துடைத்து, டயர் மாற்றி, நிற்கவைத்து விற்க வேண்டும், தன் லாபத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும் (இந்த வரி லாபத்துக்கு மட்டும், முழு விலைக்கு அல்ல, இரண்டு தனிநபர்களுக்கு இடையே விற்றால் கிடையாது). அந்த இடைவெளியைத்தான் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். அதற்குப் பதில் கிடைப்பது நிம்மதி: ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ‘சும்மா பார்க்க வந்தோம்’ என்று மூன்று பேர் வரிசையாக ஓட்டிப் பார்ப்பதெல்லாம் இல்லை. என் அளவுகோல் இது: இரண்டுக்கும் பத்தாயிரத்துக்குள் வித்தியாசம் என்றால் எக்ஸ்சேஞ்ச். இருபதாயிரத்தைத் தாண்டினால் ஒரு மாதம் பொறுத்து நேரடியாக விற்பேன். இடையில் இருந்தால் அன்றைய மனநிலை.

எக்ஸ்சேஞ்ச் போனஸ் பத்தாயிரம் என்று போர்டு வைத்திருக்கிறார்களே?

அந்தப் போனஸ் இல்லாமல் உங்கள் வண்டிக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அப்புறம் எக்ஸ்சேஞ்சே இல்லாமல் வெறும் ரொக்கத்துக்கு வந்தால் என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். பல நேரம் இரண்டாவது பதிலிலேயே அந்தப் பத்தாயிரம் ஒளிந்திருக்கும்.

கடற்கரைப் பக்கம் வீடு. உப்புக் காற்றால் விலை குறையும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. நம் மாவட்டத்தில் தேய்மானத்துக்கு இதுதான் பெரிய காரணம் என்பேன், கிலோமீட்டர்கூட அடுத்ததுதான். குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் பக்கம் மூன்று வருடம் நின்ற வண்டியையும், அருமனையில் நின்ற வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் பார்வை தெரியாதவர்கூடத் தடவிச் சொல்லிவிடுவார். மலையோரத்து வண்டிக்கு வேறு தொல்லை: இரண்டு பருவமழையும் நனைக்கும், சேறு உள்ளே போய் உட்காரும். ஆனால் சேறு கழுவினால் போகும். உப்பு அப்படி அல்ல.

விலை சொல்ல வருபவர் டேங்க் பளபளப்பைப் பார்த்து மயங்க மாட்டார். குனிவார். ஸ்போக் வீல் என்றால் கம்பி ரிம்மில் சேரும் நிப்பிளைப் பார்ப்பார். முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டுவார். அங்கே புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் ஆயில் சீல் கிழிந்து ஒழுக ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், சைடு ஸ்டாண்டு போல்ட், சைலன்சர் சேரும் இடம், பெட்ரோல் மூடியைத் திறந்தால் தெரியும் உள் விளிம்பு, சீட்டுக்கு அடியில் பேட்டரி முனை. அலாய் வீல் என்றால் வண்ணத்துக்கு அடியில் வெள்ளைப் பொடி போலப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள். பீச்சியடிக்கும் பம்பை வீல் பேரிங்குக்கும் வயரிங் கனெக்டருக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். காய்ந்த பிறகு செயினுக்கும் போல்ட்டுகளுக்கும் எண்ணெய்ப் பூச்சு. காற்றே புகாத பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடுவது கெடுதல். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மணலில் இறக்கி, அலை வந்து வீலை நனைக்க, ரீல்ஸ் எடுக்கும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த வண்டியின் அடுத்த ஓனர் மேல்தான் பாவமாக இருக்கும்.

வளைகுடாவில் வேலை. வருடத்துக்கு ஒரு மாதம்தான் ஓட்டுகிறேன். நான்கு வருடத்தில் 6,000 கிலோமீட்டர்தான். நல்ல விலை கிடைக்குமே?

நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கிடைக்காது. இந்த மாவட்டத்தில் இப்படி நிற்கும் வண்டிகள் ஏராளம், டீலர்களுக்கும் அது தெரியும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் டேங்க்கும் எரிபொருள் பாதையும் கெடும். பேட்டரி செத்திருக்கும். டயரில் பூ நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. விலை பேச வருபவர் அதைத்தான் முதலில் படிப்பார். குறைந்த கிலோமீட்டர் என்பது நல்லதுதான், ஆனால் வருடா வருடம் ஆயில் மாற்றிய சர்வீஸ் பில் இருந்தால் மட்டும். ஓடாத வண்டிக்கும் வருடத்துக்கு ஒரு சர்வீஸ் உண்டு.

இன்னொன்று, இது பணத்தைவிடத் தலைவலி. பெயர் மாற்றத்துக்கு ஓனரின் கையெழுத்து வேண்டும். ஆர்சியில் பதிவான மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரும். ஊர் சிம் காலாவதியாகி, நீங்கள் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தால் விற்பனை அப்படியே நிற்கும். தம்பியிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன். விடுமுறைக்கு வரும் முதல் வாரத்திலேயே விற்பனையை ஆரம்பியுங்கள். கல்யாணம், பால்காய்ச்சு எல்லாம் முடித்துக் கடைசி மூன்று நாளில் தொடங்கினால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் விமானம் ஏறுவீர்கள்.

இருபத்தைந்தாயிரத்துக்குச் சைலன்சர் மாற்றியிருக்கிறேன். அதற்குத் தனியாக விலை கிடைக்குமா?

கிடைக்காது. குறையவும் செய்யும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. சத்தமான சைலன்சரை டீலர் தொடவே தயங்குவார். கழற்றிய ஸ்டாக் சைலன்சர், கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு வண்டியைக் கொடுங்கள். கழற்றியதைத் தனியே விற்றுக்கொள்ளலாம். கிராஷ் கார்டு, நல்ல கேரியர் மாதிரியானவை நேரடி விற்பனையில் பேரத்துக்கு உதவும், எக்ஸ்சேஞ்சில் பூஜ்யம்.

லோன் இன்னும் முடியவில்லை. மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் பாக்கி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மூன்று லட்சம் கடன், 11 சதவீத வட்டி, நான்கு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 7,750. ஒரு வருடத்தில் 93,000 கட்டியிருப்பீர்கள். அசல் குறைந்தது அறுபத்து மூன்றாயிரம்தான். இன்னும் 2,37,000 பக்கம் பாக்கி. வண்டிக்கு 2,20,000 கொடுத்தால், விற்ற பிறகும் பதினேழாயிரம் கைக்காசு போட வேண்டும். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் அது தவிர.

சில இடங்களில் ‘அந்தப் பாக்கியையும் புது லோனில் சேர்த்துவிடலாம், கவலைப்படாதீர்கள்’ என்பார்கள். இல்லாத வண்டிக்குத் தவணை கட்டுவது அது. இரண்டாவது வருடம் முடியும்வரை பொறுத்தால் அதே கடனின் பாக்கி 1,66,000-க்கு இறங்கிவிடும். அப்போது வண்டியின் விலை கடனுக்கு மேலே நிற்க வாய்ப்பு அதிகம்.

கடன் அடைத்த பிறகு வங்கியிடமிருந்து என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-உம் வாங்கி, ஆர்சியில் எச்பி (வங்கிக் கடன் பதிவு) கேன்சல் செய்தால்தான் வண்டி முழுக்க உங்களுடையது. கடன் முடிந்து மூன்று வருடம் ஆகியும் இதைச் செய்யாமல், விற்கும் அன்றைக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஒருவர் நல்ல விலை சொல்கிறார். கொடுக்கலாமா? கேஎல் (கேரளப் பதிவு) வண்டி ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

திருவனந்தபுரம் நமக்கு மதுரையைவிடப் பக்கம். பெரிய வண்டி பார்க்கவும் ஓட்டிப் பார்க்கவும் பலர் அங்கேதான் போகிறோம். ஆனால் வண்டி பாறசாலையைத் தாண்டும் அதே எளிமையில் ஆர்சி தாண்டாது. டிஎன் 74 ஆனாலும் டிஎன் 75 ஆனாலும், நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்டிஓவில் படிவம் 28-இல் என்ஓசி வாங்க வேண்டும். திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற சான்றும் கேட்பார்கள். அங்கே புது எண் எடுக்கும்போது கேரள வரி கட்ட வேண்டும். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு அங்கே வரி நம்மைவிட அதிகம். வாங்குபவர் அந்தச் செலவை உங்கள் விலையில்தான் கழிப்பார். கழிக்காமல் நல்ல விலை சொல்கிறார் என்றால், அவர் பெயர் மாற்றும் எண்ணத்திலேயே இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கேஎல் வண்டி மலிவாக வருவதற்கும் இதேதான் காரணம். ஒரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அந்த மாநிலப் பதிவு எடுக்க வேண்டும். கட்ட வேண்டிய தமிழ்நாட்டு வரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மலிவு என்று சொல்லுங்கள். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அந்த அலைச்சலுக்கு நேரம் இருப்பவர்களுக்கு.

வண்டியை ஷோரூமில் கொடுத்துவிட்டேன். இனி என் வேலை முடிந்ததுதானே?

முடியவில்லை. நான் எக்ஸ்சேஞ்ச் போட்ட அந்த முதல் வண்டிக்கு எட்டு மாதம் கழித்து என் மொபைலுக்கு ஹெல்மெட் அபராதம் வந்தது. வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆர்சியில் என் பெயர். அபராதம் என்றால் போகட்டும், விபத்து என்றால்?

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன்குமார் – விஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது: வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அதனால் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்’ என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். நேரடியாக விற்றால் படிவம் 29 உங்களுடையது, 30 இருவரும் கையெழுத்திடுவது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது. நேரமும் கிலோமீட்டரும் எழுதுங்கள், வாங்குபவரின் அடையாள நகலை இணையுங்கள்.

டீலரிடம் கொடுத்தால் ஒரு கேள்வி: ‘நீங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரா?’ 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, பழைய வண்டி வாங்கி விற்பவர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கலாம். அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுக்கும்போது படிவம் 29சி வழியாக இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் தலை தப்பும். அந்த ஒப்புகையைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

நோ கிளைம் போனஸ் பழைய வண்டியோடு போய்விடுமா?

போகாது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. கிளைம் இல்லாத வருடங்களுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். வண்டியை விற்றதற்கான சான்றைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்கிவைத்தால் மூன்று வருடம் வரை புது வண்டியில் பயன்படுத்தலாம். சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில்தான் இந்தக் கழிவு, மூன்றாம் நபர் பகுதியில் இல்லை. ஷோரூமில் யாரும் இதை நினைவுபடுத்த மாட்டார்கள். புது வண்டியின் பாலிசியை அவர்கள் சொல்லும் நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

விற்ற நஷ்டத்தை வருமான வரியில் காட்ட முடியுமா?

சொந்த உபயோகத்துக்கான வண்டி என்றால் லாபத்துக்கும் வரி இல்லை, நஷ்டத்துக்கும் கழிவு இல்லை. கடை, தொழில் கணக்கில் இருக்கும் வண்டிக்கு வருடத்துக்கு 15 சதவீதம், மீதமுள்ள மதிப்பின் மேல், தேய்மானம் காட்டலாம். ரொக்கமாக வாங்குவதானால் ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ கையில் வாங்கக் கூடாது, அபராதம் பணத்தை வாங்கியவருக்குத்தான்.

எந்த மாதத்தில் விற்பது?

மழை விட்ட பிறகு. ஜூன், ஜூலையிலும், ஐப்பசி மழையிலும் இங்கே பெரிய பைக் பார்க்க யாரும் அவ்வளவாக வருவதில்லை. ஆடியில் புது வண்டி எடுக்கத் தயங்குவார்கள், அதனால் ஷோரூமில் சலுகை கிடைக்கும்; பழசை விற்க அது நல்ல மாதம் இல்லை. ஓணம், ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ் ஒட்டி வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும் நேரம் நல்லது.

டிசம்பரில் புதுசு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடக் கடைசியில் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் ஆர்சியில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கிறது. ஒரு மாதம் ஓட்டியதற்கு ஒரு வயது கூடிவிடும். தள்ளுபடி அந்த ஒரு வயதுக்கு ஈடாகிறதா என்று பாருங்கள். ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டுகிற ஆள் என்றால் இதெல்லாம் கவலையே இல்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வண்டிக்கு விலை நிற்கும்?

பக்கத்து ஊர் மெக்கானிக்குக்குக் கை பழகிய வண்டிக்கு. ராயல் என்ஃபீல்டுக்கு நம் பக்கம் விலை நிற்பதற்கு இன்ஜினைவிட இதுதான் காரணம். வண்டியும் சென்னையைச் சுற்றித்தான் உற்பத்தி. வேகமான வண்டிகள் வேகமாகத்தான் விலை இறங்கும், ஏனென்றால் முந்தின ஓனர் எப்படி ஓட்டியிருப்பார் என்ற பயம் வாங்குபவருக்கு இருக்கும். இறக்குமதி வண்டிகளை வாங்குபவர்கள் விலை பார்த்து வாங்குவதில்லை. விற்கும்போதும் பார்க்காமல் இருந்தால் நல்லது.

கம்பெனியே கையை விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்லி டேவிட்சன் உதாரணம். 2020 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோவோடு கூட்டு வைத்து சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று சொன்னாலும், வாங்க வருபவரின் மனதில் விழுந்த சந்தேகத்தை ஒரு அறிவிப்பு துடைத்துவிடாது. வாங்கும் முன், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸ் இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு முறையும் மாவட்டம் தாண்ட வேண்டுமா என்று பாருங்கள். நீங்கள் யோசிக்கும் அதே கேள்வியைத்தான் நான்கு வருடம் கழித்து உங்கள் வண்டியை வாங்க வருபவரும் யோசிப்பார்.

இணையத்தில் விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், க்யூஆர் ஸ்கேன் செய்யுங்கள் என்கிறார் ஒருவர்.

திருடன். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

தேய்மானத்திலிருந்து தப்பவே முடியாதா?

ஒரு வழி உண்டு: இரண்டு, மூன்று வருடம் பழைய வண்டியாக வாங்குவது. முதல் அடியை முந்தின ஓனர் தாங்கியிருப்பார். என் வீட்டு முன்னால் நிற்பது அப்படி வாங்கியதுதான்.

புதுசுதான் வேண்டும் என்றால் தேய்மானத்தை மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள், அடி கொஞ்சம் தெளியும். மூன்றரை லட்சத்துக்கு எடுத்து நான்கு வருடம் கழித்து 1,90,000-க்குக் கொடுத்தால் நஷ்டம் 1,60,000. மாதம் 3,333. அதற்குள் 20,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். அதே வண்டியில் 5,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் முப்பத்திரண்டு ரூபாய். விலை கொஞ்சம் கூடக் கிடைத்தாலும் இருபத்தைந்துக்குக் கீழே வராது. விலை போய்விடும் என்று வண்டியைத் துணி போட்டு மூடிவைக்கும் ஆட்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். பொன்முடிக்கும் பேச்சிப்பாறைக்கும் போய்வாருங்கள்.

கொடுக்கும் அன்று டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் வைக்க வேண்டும்?

எக்ஸ்சேஞ்ச் என்றால் ஷோரூம் போய்ச் சேரும் அளவு. தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு லிட்டர் தாராளம். நேரடியாக வாங்க வருபவர் என்றால் ஐந்து லிட்டர் போட்டு வையுங்கள். பேரம் படிந்து சாவியை வாங்கியவர் முதல் வளைவிலேயே நின்றுபோய் உங்களைக் கூப்பிடக் கூடாது.